கொடுக்காத விடைத்தாள்

எழுதி முடித்துப் பேனாவுக்கு மூடியும் போட்டாயிற்று. ஆனாலும் அந்த மாணவி எழுந்திருக்கக் காணோம்.

தேர்வு மேற்பார்வைக்கு வந்திருந்த விரிவுரையாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூடுதல் நேரம் பெற்றவர்களுக்கான தனி அறை அது. இருப்பதே இரண்டு பேர். கண் பார்வை மங்கலான இவள். சின்னச் சத்தம் கேட்டாலும் கை நின்றுபோகும் ஒரு மாணவன். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தான்.

விரிவுரையாளரின் போன் அதிர்ந்தது. குழந்தைகள் காப்பகத்திலிருந்து செய்தி.

'பாப்பாவுக்கு உடம்பு சுடுது. சீக்கிரம் வாங்க.'

அவளுடைய ஒன்றரை வயசுக் குழந்தை.

ஆபீஸ் கிளார்க் கதவிடுக்கில் தலையை நீட்டிக் கிசுகிசுத்தார்.

"இன்னும் ரெண்டு பேருமா மேடம்? ஒருத்தர்னா என் மேஜை பக்கத்துல உட்கார வெச்சுப் பார்த்துக்குவேன். நீங்க கிளம்பலாம். ரெண்டு பேருக்கு அங்க ஏது இடம்?"

"இந்தப் பொண்ணு எப்பவோ முடிச்சாச்சு. சும்மாதான் உட்கார்ந்திருக்கு."

"என்ன, பேப்பரை அடைகாக்குதா?"

சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. மாணவியிடம் போய்க் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"முடிச்சிட்டேல்ல? குடுத்துட்டுக் கிளம்பும்மா."

"இன்னும் நேரம் இருக்கே, மேடம்."

"இருந்தா? உட்கார்ந்தே தீரணுமா?"

சலுகை கொடுத்தால் இப்படித்தான், கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்துவிட்டுத்தான் விடுவார்கள் என்று விரிவுரையாளர் மனசுக்குள் பொருமினாள்.

போன் மறுபடி அதிர்ந்தது.

"இங்க பாரு, என் குழந்தை காய்ச்சல்ல கிடக்கு. உனக்கு ஈவு இரக்கமே கிடையாதா?"

குரல் உடைந்துவிட்டது.

மாணவிக்கும் கண் கலங்கியது. விடைத்தாளைக் கையில் எடுத்தாள். சுவரோரம் இருந்தவன் பக்கம் திரும்பினாள். எடுத்ததைத் திரும்ப வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் பரப்பிக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்." குனிந்திருந்தவளின் காதோரம் மெல்லச் சொன்னாள். "நான் எழுந்தா அவரை ஆபீஸுக்கு மாத்திடுவீங்க. போன தடவை நான் முடிச்சதும் போயிட்டேன். நீங்க அவரை அங்க அனுப்பிட்டுக் கிளம்பிட்டீங்க. அங்க போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம். அப்புறம் ஒரு வரிகூட எழுத வரலையாம்."

விரிவுரையாளர் அவனைப் பார்த்தாள்.

"அதே பேப்பரைத்தான் மேடம், இப்ப திரும்ப எழுதிட்டிருக்கார்."