புது ஷூ கடிக்கும்

"இவளுக்கும் என் சைஸ்தாம்மா. பாதி நாள் என் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் கடைக்குப் போவா," என்றார் கணவர். கடைப்பெண் அளவு கேட்டது என்னவோ அவளிடம்தான்.

அவள் அவரை முறைத்தாள். கடைப்பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு ஜோடி ஸ்னீக்கர்ஸ் எடுத்து வைத்தாள். ஒன்று வெள்ளைத் தோல். எந்தக் காலத்திலும் பழசாகாத வடிவம். இன்னொன்று சாம்பல் நிறத்தில், மெத்தென்று, ஊதிப்போன பன் மாதிரி இருந்தது.

வெள்ளையைப் போட்டு நாலடி நடந்தாள். கண்ணாடியில் கால் அவ்வளவு அழகாக இருந்தது. ஆனால் குதிகாலில் சுருக்கென்றது. அவள் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"கடிக்குதா?"

"லேசா."

"நாலு நாள் போட்டா பழகிடும் மேடம்," என்றாள் கடைப்பெண்.

"திங்கட்கிழமையிலேருந்து ஹோட்டல் வரவேற்புல நாள் பூரா நிக்கணும். பேசாம சாம்பலை எடு. அழகு சோறு போடுமா?" என்றார் கணவர்.

"இந்த வேலையில போடும். அந்த பன்னை மாட்டிக்கிட்டு நின்னா, ரூம் கேட்டு வர்றவங்க வாசலோட திரும்பிடுவாங்க."

"கால் வலிச்சா எப்படி நிப்பே?"

"நான் வேலைக்குப் போறது பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க. ஷூ மேல ஏன் பழியைப் போடுறீங்க?"

சண்டை வாடை பட்டதும் கடைப்பெண் ரசீது போடப் போய்விட்டாள். வெள்ளைதான் வீட்டுக்கு வந்தது, பெட்டியோடு அலமாரியில் ஏறியது.

மகள் பிறந்ததும் விட்ட வேலை. மகள் வளர்ந்து, இப்போதுதான் மறுபடி ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. கணவர் மனசாரச் சரி என்றாரா, ஒப்புக்குச் சொன்னாரா என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து அவர் விடியும் முன்பே எழுந்து, பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இங்குமங்கும் நடக்கும் சத்தம் கேட்டது.

"என்ன பண்றீங்க?" என்று வெளியிலிருந்து கேட்டாள்.

"சும்மா யோசிக்கிறேன். நீ போய்த் தூங்கு."

என்னைத் தடுக்க வழி தேடுகிறார் போல என்று அவளுக்குத் தோன்றியது. தூக்கம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்டே விட்டாள்.

"உங்களுக்கு இஷ்டமில்லேன்னா நான் போகலைங்க."

"இஷ்டமில்லேன்னு யார் சொன்னா? போய்த் துணியை இஸ்திரி போடு," என்று சிடுசிடுத்தார். அவளுக்கு அழுகை முட்டியது.

திங்கட்கிழமை காலை ஷூவைப் போட்டு எழுந்து நின்றாள். குதிகாலில் சுருக்கென்று எதுவுமில்லை. பஞ்சில் கால் வைத்த மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா? கடிக்கவே இல்லை. கடையில என்னமா பயமுறுத்தினீங்க."

"சரிம்மா, நான் தோத்துட்டேன். நேரமாச்சு, கிளம்பு," என்றபடி வாசற்கதவைத் திறந்துவிட அவளுக்கு முன்னால் நடந்தார்.

அவருடைய வெறுங்காலில், இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.