நரிக்கு விழுந்த பன்னிரண்டு ஓட்டு

ஏரியைத் தூர்வாருவேன் என்று சொல்லித் தலைவியான மரகதம் வாத்து, மூன்று வருஷமாக ஒரு கூடைச் சேறுகூட அள்ளவில்லை. அவளுக்காகத் தொண்டை வறள ஓட்டுக் கேட்டிருந்த சொர்ணம் வாத்துக்கு மனசே ஆறவில்லை. இந்தத் தேர்தலில் மரகதத்தை எதிர்த்து நின்றது நரி மட்டும்தான். ‘நரி எங்கே ஜெயிக்கப் போகிறது? மற்ற பதினொரு வாத்துகளும் மரகதத்துக்குத்தான் போடும். நம் ஒரு ஓட்டு அவளுக்கு உறைக்கட்டும்’ என்று நரிக்குக் குத்தினாள்.

எண்ணிப் பார்த்தால் நரிக்குப் பன்னிரண்டு. மரகதத்துக்கு ஒன்றுமில்லை.

நரி நன்றி சொல்லக் கரைக்கு வந்தது. வாத்துகள் நடு ஏரிக்கு நீந்தித் தப்பின. பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மரகதத்திடம் சொர்ணம் மெதுவாகக் கேட்டாள்.

“அக்கா, உங்க ஓட்டையாவது உங்களுக்குப் போட்டிருக்கலாமே?”

“எனக்கும் கொள்கை இருக்குல்ல சொர்ணம்? சொன்னதைச் செய்யாத தலைவிக்கு நான் எப்படிப் போடுவேன்?” என்றாள் மரகதம்.