பந்து வருது

கோல்ஃப் என்ற விளையாட்டு தோன்றிய நாளிலிருந்து, அடிப்பதற்கு முன்பே தன் பந்து எங்கே போய் விழும் என்று துல்லியமாக அறிந்த ஒரே மனிதன் நான்தான்.

நான் ஆட ஆரம்பித்துப் பதினோரு வாரம் ஆகிறது.

அத்தான் ஒன்பது வருடமாக ஆடுகிறார். அக்காவின் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். கடையில் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கும் அதே நடுக்கத்தோடுதான் மட்டையையும் பிடிப்பார். அவருடைய ஆட்டத்தை முன்னேற்றும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே நான் ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அவருடைய பெரிய குறை கைப்பிடியோ இடுப்போ இல்லை. வாய்.

ஒவ்வொரு முறை அடிப்பதற்கு முன்பும் "பந்து வருது!" என்று கத்துவார். பந்து யாரையாவது பார்த்துப் போனால் கத்துவது எல்லோருக்கும் வழக்கம். அத்தான் ஆளே இல்லாத புல்வெளியைப் பார்த்தும் கத்துவார். அதுவும் பேருந்து கிளம்பப் போவதைப் போல.

"யாருக்கு அத்தான் சொல்றீங்க? புல்லுக்கா? கொஞ்சம் நகர்ந்து நின்னுக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. "பழகிடுச்சு மாப்ள" என்றார்.

ஏழாவது குழி. வலது பக்கம் ஆள் உயரத்துக்குச் செடிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடைபாதை. அக்கா அங்கேதான் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்து, காலையிலிருந்து எங்களுக்கு இணையாக நடந்து வந்துகொண்டிருந்தாள். ஐந்து மாதக் குழந்தை. சக்கரம் ஓடினால்தான் தூங்கும். வேலியின் இடைவெளியில் வண்டியின் மஞ்சள் கூரை தெரிந்தது. மறைந்தது.

முந்தின நாள் வீடியோவில் பார்த்த புதுக் கைப்பிடியை அத்தானுக்கு விளக்கிக் காட்டிவிட்டு அடித்தேன்.

சத்தம் பிரமாதமாக இருந்தது.

பந்து நேராகத்தான் கிளம்பியது. பாதி வழியில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல வலப்பக்கம் திரும்பியது.

வேலியைப் பார்த்து.

வாயைத் திறந்தேன். கத்த வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். காலையிலிருந்து அதைத்தான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன். அதனாலேயே அது தொண்டையில் நின்றது. அரை நொடி வெட்கம், அவ்வளவுதான். பந்துக்கு அரை நொடி தாராளம்.

"பந்து!"

கத்தியது அத்தான்.

பந்து வேலிக்கு மேலே போய் மறைந்தது. பிறகு ஒரு சத்தம். மண்ணில் விழுந்த சத்தம் இல்லை. மெத்தென்ற எதிலோ விழுந்த சத்தம்.

குழந்தை அழவில்லை.

ஓடினேன். ஒரு கோழிமுட்டை எடைகூட இல்லாத பொருள்தான் அந்தப் பந்து. ஆனால் குழந்தைக்கு உச்சிக்குழி இன்னும் மூடவில்லை என்று போன வாரம்தான் அம்மா தலையைத் தடவிப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

அழு, அழு என்று வேண்டிக்கொண்டே ஓடினேன். அழுதுவிட்டால் அங்கே என்ன பார்க்க வேண்டியிருக்கும் என்றும் பயந்தேன். மூட்டுவலிக்காரரான அத்தான் எனக்கு இருபது அடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

வேலியின் இடைவெளியில் நுழைந்தோம்.

அக்கா வண்டியின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். முழங்கைகள் இரண்டு பக்கமும் ஊன்றியிருந்தன. முதுகு மேலே. தலை கூரைக்குள்ளே. அசையவில்லை.

"அக்கா..."

மெதுவாக நிமிர்ந்தாள். அவளுக்குக் கீழே குழந்தை, விரலைச் சப்பியபடி தூங்கிக்கொண்டிருந்தது. வண்டியின் கைப்பிடியில் தொங்கிய டயப்பர் பைக்குள் என் பந்து கிடந்தது. அவள் தலை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

திட்டுவாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. விரல் இடது புருவத்துக்கு மேலே போய் நின்றது. அங்கே ஒரு தழும்பு உண்டு. சின்னதாய், வட்டமாய். கல்யாணமான புதிதில் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக எங்கள் எல்லோருக்கும் சொல்லப்பட்ட தழும்பு.

"அவரு கத்துனா குனிஞ்சிடுவேன்டா. நீ கத்தவே மாட்டேங்கிறியே."

பையிலிருந்து பந்தை எடுத்தேன். பந்தைப் பார்த்தேன். தழும்பைப் பார்த்தேன். அத்தான் தன் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையிலிருந்து ஆறு குழிகள். அத்தான் கத்திய ஒவ்வொரு முறையும், நான் சிரித்த ஒவ்வொரு முறையும், வேலிக்கு அந்தப் பக்கம் இவள் குனிந்திருக்கிறாள்.

வீட்டுக்குக் கிளம்பலாம் என்றேன்.

"இன்னொண்ணு அடிச்சிட்டுப் போயிடு மாப்ள" என்றார் அத்தான். "இப்ப விட்டுட்டா அப்புறம் கையே வராது."

எட்டாவது குழி. அக்காவை வண்டியோடு எங்களுக்கு வெகுதூரம் பின்னால், ஒரு மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்திருந்தோம். எதிரே திறந்த வெளி. ஒரு காக்காய்கூட இல்லை.

மட்டையை ஓங்கினேன். இறக்கினேன். தொண்டையைச் செருமினேன்.

"பந்து வருது."

எனக்கே கேட்கவில்லை. அத்தான் சிரிக்கவில்லை. மறுபடியும், இந்த முறை அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

தூரத்தில், பெஞ்சில் இருந்த அக்கா வண்டியின் மேல் குனிந்திருந்தாள்.