மலைக்கு வந்த மாமியார்

வருங்கால மாமியாரின் கையைப் பிடித்து, பாலாஜி அவரைக் கடப்பாறைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தான். பாறையில் அறைந்திருந்த இரும்புக் கம்பிகள் வெயிலில் சுட்டன. அவன் பை ஒரு தோளில், அந்த அம்மாளின் பை இன்னொரு தோளில்.

“கீழ பாக்காதீங்கமா. என் முதுகையே பாத்துக்கினு வாங்க.”

“நீ நல்லா இருக்கணும் கண்ணு” என்றார் அவர், மூச்சு வாங்க.

அந்த வார்த்தைக்காகத்தான் பாலாஜி விடிந்ததிலிருந்து பாடுபடுகிறான். காஞ்சிபுரத்தில் வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மெஷின் பழுது பார்ப்பவன் அவன். வயது முப்பத்தொன்று. மூன்று வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, மூன்று வீட்டிலும் ‘கலந்து பேசிச் சொல்றோம்’ என்ற பதிலோடு திரும்பியவன்.

நாலாவதாக வந்தது வாலாஜாபாத் தேவிப்ரியாவின் ஜாதகம். போட்டோவைப் பார்த்ததுமே அவனுக்குப் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணோ சொஜ்ஜி பஜ்ஜிக்கே சம்மதிக்கவில்லை.

“ஞாயித்துக்கெழம நீ பர்வதமலைக்குப் போறது அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு” என்று சித்தி போனில் கிசுகிசுத்தாள். “அந்தப் பொண்ணு அம்மாவக் கூட்டினு அங்க வருதாம். நீ எப்படிப்பட்ட ஆளுன்னு உனக்குத் தெரியாமயே பாக்கணுமாம். அந்தம்மா பச்சைப் பொடவை கட்டினு வருவாங்க. பாத்து நடந்துக்கோ. நான் சொன்னேன்னு மூச்சு உடாத.”

அடிவாரத்தில், பிளாஸ்டிக் இருக்கிறதா என்று வனத்துறை ஆட்கள் பைகளைத் துழாவிக்கொண்டிருந்த இடத்தில், பச்சைப் புடவையில் ஒரு அம்மாள் தனியாக நின்றிருந்தார். பெண்ணைக் காணவில்லை. பின்னால் எங்கோ மறைந்து வருகிறாள் போலிருக்கிறது. கெட்டிக்காரி!

“தனியாவாமா ஏறப் போறீங்க?”

“எங்காளுங்க பின்னால வர்றாங்க கண்ணு. நான் மெதுவா நடக்கறவ, முன்னாடியே கிளம்பிட்டேன். நீ எந்த ஊரு?”

“காஞ்சிபுரம்மா.”

“அடேங்கப்பா! பட்டுப் புடவை ஊரு!”

நடிப்பு என்றால் இதுவல்லவா நடிப்பு என்று பாலாஜி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான். உடனே அவருடைய பையை வாங்கித் தோளில் மாட்டினான். சொந்த அம்மாவின் காய்கறிப் பையைக்கூட அவன் அப்படித் தூக்கியதில்லை.

வழியில் தன் புளிசாதம் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்தான். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை குரங்குகளுக்குக் குச்சியைக் காட்டிக் காவல் நின்றான். ஆடுசதை பிடித்துக்கொண்டது என்று அவர் உட்கார்ந்தபோது, மண்டி போட்டுப் பாதத்தை மடியில் வைத்து நீவிவிட்டான்.

ஒருவழியாக உச்சிக்கு வந்து, கோயில் பக்கத்து நிழலில் அவரை உட்கார வைத்தான். பத்து நிமிடத்தில் தடித்தடியாய் இரண்டு வாலிபர்கள் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். “அம்மா! நாங்க பயந்தே போயிட்டோம்!”

“இந்தத் தம்பிதான்டா என்னை ஏத்தி உட்டுச்சு. இல்லாட்டி நான் அப்பவே ஆத்தூருக்கு பஸ் ஏறியிருப்பேன்.”

பாலாஜி அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். “பொண்ணு... பொண்ணு வரலியாமா?”

“பொண்ணா? எனக்கு இவனுங்க ரெண்டே பேருதான் கண்ணு.”

அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, மகன்களோடு சன்னிதிக்குள் போய்விட்டார். பாலாஜி அப்படியே பாறையில் குந்திவிட்டான். வயிறு பசித்தது. தரிசன வரிசையில் மட்டுமே ஏழெட்டுப் பச்சைப் புடவைகள் தெரிந்தன.

“நீங்க பாலாஜிதானே?”

நிமிர்ந்தான். போட்டோவில் பார்த்த அதே முகம். சற்றுத் தள்ளி, பச்சைப் புடவையில், ஊன்றுகோலில் சாய்ந்தபடி வியர்க்க விறுவிறுக்க நின்றார் அவள் அம்மா கிருஷ்ணவேணி.

“அடிவாரத்துலேருந்து உங்க பின்னாடியேதான் வந்துக்கினு இருக்கேன்” என்றாள் தேவிப்ரியா. அவள் குரல் இளகியிருந்தது. “யாரோ எவரோ, அவங்களுக்குப் போய்க் காலெல்லாம் புடிச்சு உட்டீங்க. எங்கம்மாவுக்கு நான்கூட அப்படிப் பண்ணதில்லீங்க.”

வாயை மூடிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும், கல்யாணம் முடிந்தது. ஆனால் சன்னிதியில் மணி அடித்தது. அவளோ அவனை அப்படி நம்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலாஜிக்குப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“நான் அவ்ளோ நல்லவன் இல்லீங்க. நீங்க வர்றது எனக்கு முன்னாடியே தெரியும். அவங்களத்தான் உங்க அம்மான்னு நெனச்சிட்டேன். வேற யாராவதுன்னு தெரிஞ்சிருந்தா, என் பாட்டுக்கு ஏறிப் போயிருப்பேன்.”

தேவிப்ரியாவின் முகம் மாறியது. நாலாவது இடமும் போயிற்று என்று பாலாஜி தன் பையை எடுத்துக்கொண்டான்.

“கேட்டியாமா? அத்தனையும் நடிப்பாம்! வா, நாம சாமியப் பாத்துட்டு எறங்கலாம்.”

கிருஷ்ணவேணி நகரவில்லை. ஊன்றுகோலைப் பாறையில் அழுத்தி ஊன்றி, பாலாஜியை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகளிடம் திரும்பினார்.

“நீ இவரு பின்னாடியே ஓடிட்ட. நான் இருக்கேனா உழுந்தேனான்னுகூடத் திரும்பிப் பாக்கல. இவரு மாமியாருன்னு நெனச்சதுக்கே ஒரு பொம்பளையக் கைப்புடிச்சி மலை ஏத்தியிருக்காரு!”

தேவிப்ரியா அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை, பாலாஜியைப் பார்த்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

கிருஷ்ணவேணி தன் பையைத் தோளிலிருந்து இறக்கி அவனிடம் நீட்டினார்.

“உனக்கு எப்படியோ போடி, எனக்கு இந்த மாப்ளதான் வேணும்!”