டல்சியின் பென்சில்

1950களில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தேர்தல் நாள் விடிந்ததும் வாக்குச்சாவடியைப் பெருக்கித் துடைத்து, மறைப்புப் பலகைதோறும் பென்சிலைச் சீவிக் கயிற்றில் கட்டிவைப்பது டல்சியின் வேலை. எட்டுத் தேர்தலாக அவள் சீவிய பென்சிலால்தான் ஊரே ஓட்டுப் போட்டது. இந்த முறை துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அவளும் வரிசையில் நின்றாள்.

“பட்டியல்ல உன் பேர் இல்ல. பூர்வகுடிங்களுக்கு ஏது ஓட்டு? நகரு” என்றார் அதிகாரி வாரன்.

“அப்ப நானே எழுதிக்கிறேன்.”

மறைப்புக்குள் போனவள், தன் பெயர், அம்மா பெயர், ஆற்றங்கரைக் குடியிருப்பில் இருக்கும் அத்தனை பேரின் பெயர் என்று பென்சில் முனை மழுங்கும்வரை மறைப்பின் வெள்ளைப் பலகையிலேயே எழுதித் தள்ளினாள்.

“துடை அதை!” வாரன் கத்தினார்.

டல்சி பென்சிலை மறுபடி சீவத் தொடங்கினாள்.

“இங்க துடைக்கிறவ நான் ஒருத்திதான். நான் துடைக்க மாட்டேன்.”