பெட்டிக்கு நல்ல நேரம்

நிலநடுக்கத்தைப் பதிவுசெய்து சங்கு ஊதி எச்சரிக்கும் பெட்டியைத் திறந்துவைக்க நகர்மன்றத் தலைவர் தங்கப்பழம் கழுத்து நிறைய மாலையோடு வந்து சேர்ந்தபோது, ராகுகாலம் தொடங்கி அரைமணி ஆகியிருந்தது.

“பெட்டிக் கடிகாரத்தப் பின்னால தள்ளி வையும்மா. நல்ல நேரம்னு பதிவாகட்டும்” என்றார், பொறியாளர் செண்பகவல்லியிடம்.

“எல்லா ஊர்ப் பெட்டியும் செயற்கைக்கோளப் பாத்து ஒரே நேரம் காட்டணும், அண்ணாச்சி. இத்தன மணிக்குச் சங்கு ஊதுன்னு மத்த ஊர்ப் பெட்டிகதான் கம்பி வழியா இதுக்குச் சொல்லும்.”

“சொல்லிட்டுப் போகட்டும். நம்ம ஊருக்கு நம்ம நேரம்.”

கூட்டம் கைதட்டியது. இந்த மண்டைகளுக்கு முடி ஒன்றுதான் குறைச்சல் என்று மனதுக்குள் காறித் துப்பியபடி, அவள் கடிகாரத்தின் செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் துண்டித்து, அதை முக்கால் மணி பின்னால் தள்ளினாள். மறுநாள் சரிசெய்யப் போனவளை, “ராகுகாலத்துல திறந்ததா ஆயிரும், தொடாத” என்று தலைவர் விரட்டிவிட்டார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் பூமி குலுங்கியது. பக்கத்து ஊர்களில் முன்கூட்டியே சங்கு ஊதியதால் சனங்கள் தெருவுக்கு ஓடிவந்து பிழைத்தார்கள். இந்த ஊர்ப் பெட்டி வாயைத் திறக்கவில்லை. தலைவரின் மாடி வீடு அப்படியே படுத்துவிட்டது. கால் மாட்டிக்கொண்டு கிடந்தவரை வெளியே எடுக்கச் செண்பகவல்லியும் நாலு பேரும் முக்கால் மணி நேரமாகக் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கையில், ஊரே அதிரும்படி சங்கு ஊதியது.

“இப்ப எதுக்கும்மா ஊதுது?” என்று முனகினார்.

“உங்க நல்ல நேரம் இப்பத்தான் பொறக்குது, அண்ணாச்சி” என்றாள் அவள், கல்லிலிருந்து கையை எடுக்காமல்.