சிப்பிக்கு ஓடு எங்கே?

“உன் பிராணி வெறும் சிப்பிதான்” என்றார் கணவர், தட்டில் மூன்றாவது முறையாக உருளைக்கிழங்கைப் போட்டுக்கொண்டே. “மரபணுச் சோதனை சொல்லிடுச்சு. கதை முடிஞ்சுது.”

ஆழ்கடல் சேற்றில் கிடைத்த, பழைய காலுறை போலிருந்த அந்தப் பிராணியை இரண்டு வருடமாக அறுத்து ஆராய்ந்தவள் மனைவி. இதுவரை யாரும் அறியாத இனம் என்று அவள் எழுதிய கட்டுரை இந்த வாரம் ஆய்விதழுக்குப் போக வேண்டும்.

“சிப்பின்னா ஓடு எங்கே?”

“தொலைச்சிருக்கும்.”

“செவுள்?”

“அதையும்தான்.”

“நல்லாத் தொலைச்சுது போங்க! அதுக்கு இருக்கறது ஒரு வாயும் வயிறும்தான்.”

“நீ கத்தியை நம்பறே. என் மெஷின் பொய் சொல்லாது, மகாராணி.”

அவள் சற்று யோசித்தாள். “சோதனைக்கு எந்த இடத்துல வெட்டினீங்க?”

“நடுவயித்துல. அங்கதானே சதை அதிகம்.”

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“என்ன சிரிப்பு?”

“இப்ப உங்க வயித்துக்குள்ள இருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிச்சா, மெஷின் உங்களை என்னன்னு சொல்லும்?”

அவர் தட்டைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

“உருளைக்கிழங்குன்னு” என்றார்.

அடுத்த சோதனைக்கு அவர் தோலில் வெட்டினார். சிப்பியின் சுவடே இல்லை. தெரிந்த எந்த இனத்தோடும் அது ஒட்டவில்லை.

கட்டுரை போனது. அந்தப் பிராணி என்ன சாப்பிடும் என்று கண்டுபிடித்ததற்காக, அதில் கணவருக்குத் தனியாக நன்றி சொல்லியிருந்தாள்.